நட்சத்திரம் எண்ணுகிறவர்கள்

நவம்பர் வந்துவிட்டால் டர்ஹமில் இருக்கும் நண்பனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வரும். அடுத்த வருடம் கல்லூரிக் கூடைப்பந்து ஆட வரப்போகும் பள்ளிப் பையன்களின் தரவரிசை. டியூக் பல்கலைக்கழகம் யாரையெல்லாம் பிடித்திருக்கிறதோ அந்தப் பெயர்களுக்கெல்லாம் மஞ்சள் பூசி அனுப்புவான். முதல் பத்துக்குள் இரண்டு மூன்று மஞ்சளாவது இருக்கும். கீழே ஒரு வரி: "உங்க பர்டூ ஆளு எங்கடா? ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருக்கேன், வரவே மாட்டேங்குது."

கிண்டியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. எம்.எஸ். படிக்க அவன் வட கரோலினா போனான், நான் இண்டியானாவில் வெஸ்ட் லஃபாயெட் வந்து பர்டூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஊரில் இருந்தவரை கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் நாங்கள் நின்று பார்த்ததில்லை. இங்கே குளிர்காலத்தில் வேறு போக்கிடம் கிடையாது. பர்டூவின் மேக்கி அரங்கத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் போடுகிற கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் குளிரும் தெரியாது, தீசிஸும் ஞாபகம் வராது. அப்படித்தான் தொற்றிக்கொண்டது. வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று எல்லாம் ஆன பிறகும் விடவில்லை.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி அணிக்கு ஆடுவதைவிட, கோடை விடுமுறையில் ஷூ கம்பெனிகளின் ஆதரவில் நடக்கும் கிளப் போட்டிகளைத்தான் ஸ்கௌட்டுகள், அதாவது ஆள் தேடுகிறவர்கள், அதிகம் பார்க்கிறார்கள். பெரிய கூடத்தில் வரிசையாகப் பல கோர்ட்டுகள், காலையிலிருந்து இரவு வரை ஆட்டம், சுற்றிலும் மடக்கு நாற்காலிகளில் கல்லூரிக் கோச்சுகள். ஈஎஸ்பிஎன், ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் என்று விளையாட்டுத் தளங்கள் ஆளுக்கொரு வரிசை போடுவார்கள். அவற்றைக் கலந்து 247ஸ்போர்ட்ஸ் ஒரு கூட்டுப் பட்டியலும் வைத்திருக்கிறது. உச்சியில் இருபது முப்பது பேருக்கு ஐந்து நட்சத்திரம், அடுத்து நூறு பேருக்கு மேல் நான்கு, அதற்கும் கீழே மூன்று. முதல் டிவிஷனில் மட்டும் 360-க்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அப்படியென்றால் பெரும்பாலான கோச்சுகள் ஐந்து நட்சத்திரப் பையனை டிவியில்தான் பார்க்க முடியும்.

நண்பன் இதை நம்மூர் கவுன்சிலிங் ரேங்க் போலத்தான் பேசுவான். "ரேங்க் மேல இருக்கிறவன் நல்ல காலேஜுக்குப் போறான், இதுல என்ன தப்பு?" தப்பில்லை. ஆனால் கவுன்சிலிங் ரேங்குக்குப் பின்னால் எல்லோரும் எழுதிய ஒரே கேள்வித்தாள் இருக்கிறது. இங்கே பதினாறு பதினேழு வயதுப் பையனை ஒரு ஜூலை மாதத்தில் நாலு பேர் பார்த்து, 'இவன் இன்னும் வளர்வான்' என்று சொல்வதுதான் மார்க். டியூக்கோ கென்டக்கியோ ஒருவனுக்கு ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொன்னால் அவன் ரேங்க் ஒரு படி ஏறிவிடுகிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகமும் உண்டு. பெரிய கோச்சைப் பார்த்து பட்டியல், பட்டியலைப் பார்த்து பெரிய கோச்.

சரி, நியாயமாகவும் பேசுவோம். உச்சி விஷயத்தில் பட்டியல் அவ்வளவு சுலபமாகத் தோற்பதில்லை. 2013-இல் முதலிடத்தில் இருந்த ஆண்ட்ரூ விக்கின்ஸ் அடுத்த வருடம் என்.பி.ஏ. தேர்வில், அதாவது தொழில்முறை லீக் அணிகள் வருடாவருடம் வரிசையாகப் புது ஆள் எடுக்கும் நிகழ்ச்சியில், முதலாவதாகப் போனான். 2024-இன் முதலிடம் கூப்பர் ஃப்ளாக் டியூக்கில் ஒரே வருடம் ஆடிவிட்டு 2025-இல் முதல் ஆளாகப் போனான். இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்தால் நான் தோற்றுவிடுவேன், நண்பனும் அதைத்தான் செய்கிறான்.

நான் கேட்பது வேறு. நாளைக்கு என்.பி.ஏ.வில் யார் பெரிய ஆள் என்பது ஒரு கேள்வி. மார்ச் மாதத்தில் நடக்கும் தேசியப் போட்டியில் எந்தக் கல்லூரி ஆட்டங்களை ஜெயிக்கும் என்பது இன்னொரு கேள்வி. பட்டியல் முதல் கேள்விக்குப் பதில் எழுதுகிறது, ரசிகர்கள் அதை இரண்டாவது கேள்விக்கு ஒட்டிக்கொள்கிறார்கள். பென் சிம்மன்ஸ் பட்டியலின் உச்சியில் இருந்தபடி எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) போனான். அந்த 2016 அணிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. மார்கெல் ஃபுல்ட்ஸ் ஆடிய வாஷிங்டன் அந்த சீசனில் ஒன்பது ஆட்டம்தான் ஜெயித்தது, கோச்சுக்கு வேலை போனது, ஃபுல்ட்ஸ் 2017 தேர்வில் முதலாவதாகப் போனான். எங்கள் பிக் டென் லீகிலேயே பாருங்கள்: ரட்கர்ஸ் 2024-25-இல் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பெரிய தலைகளை வைத்திருந்தது. 15 வெற்றி, 17 தோல்வி. அந்தப் பையன்கள் இரண்டாவது, ஐந்தாவது ஆளாக என்.பி.ஏ. போனார்கள். பட்டியல் சொன்னது பலித்தது. ரட்கர்ஸ் ரசிகனுக்கு என்ன கிடைத்தது?

இந்தச் சண்டைக்கு எனக்குப் பிடித்த வருடம் 2015. கென்டக்கி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 38-0 என்று அரையிறுதிக்கு வந்தது. மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் என்று பள்ளியிலேயே முத்திரை குத்தப்பட்டவர்கள் அந்த அணியில் ஒன்பது பேர். பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான டெவின் புக்கரே பெஞ்சிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான் என்றால் மீதியை யோசித்துக்கொள்ளுங்கள். எதிரே விஸ்கான்ஸின். அவர்களுடைய பெரிய ஆள் ஃபிராங்க் கமின்ஸ்கி. முதல் வருடம் அவனுடைய சராசரி 1.8 புள்ளி. இரண்டாம் வருடம் 4.2. பட்டியல் போடுகிறவர்கள் அவனை மறந்தே போயிருப்பார்கள். மூன்றாம் வருடம் 13.9, நான்காம் வருடம் 18.8, தேசத்தின் சிறந்த வீரன். அன்றைக்கு 20 புள்ளி, 11 ரீபவுண்ட். 71-64, கென்டக்கி வீட்டுக்குப் போனது.

நான் குதித்துக்கொண்டிருக்கும்போதே நண்பன் போன் செய்தான். "திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றான். திங்கட்கிழமை இறுதியாட்டத்தில் டியூக் 68-63 என்று விஸ்கான்ஸினைத் தட்டிவிட்டது. டயஸ் ஜோன்ஸ் 23 புள்ளி, முதலாண்டு மாணவன். ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்த அணியைக் கைகொடுத்துத் தூக்கிய கிரேசன் ஆலனும் முதலாண்டு மாணவன்தான். விஸ்கான்ஸின் கோச் போ ரயன் ஆட்டம் முடிந்ததும், ஒரு வருட வாடகைக்கு ஆள் பிடிக்கும் வேலை எங்களுக்குக் கிடையாது என்கிற மாதிரிப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். தோற்ற அன்றைக்கு அந்தப் பேச்சு எடுபடாது. ஆனாலும் கணக்கு ஒன்று சொல்கிறேன்: அதற்கப்புறம் 2025 வரை முதலாண்டுப் பையன்களை முதுகெலும்பாக வைத்து யாரும் கோப்பை எடுக்கவில்லை. சயன் வில்லியம்சன், பேரட், ரெடிஷ் என்று பட்டியலின் முதல் மூன்று பேரையும் ஒன்றாகப் பிடித்த 2019 டியூக்கும் எடுக்கவில்லை. மிச்சிகன் ஸ்டேட்டிடம் ஒரு புள்ளியில் போனது.

அதே சயனோடு கோடைக்கால கிளப்பில் ஒன்றாக ஆடிய ஒருவனை எந்தப் பட்டியலும் கண்டுகொள்ளவில்லை. தென் கரோலினாவில் ஒரு முகாம். மர்ரி ஸ்டேட் என்கிற சின்னக் கல்லூரியின் உதவிக் கோச் தின்பதற்கு ஏதாவது வாங்கலாம் என்று வெளியே வந்தபோது, பக்கத்துச் சின்ன ஜிம்மில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன் ஜா மொரான்ட். 2019 தேர்வில் சயன் முதலாவது, மொரான்ட் இரண்டாவது. அந்தக் கோச்சுக்கு அன்றைக்குப் பசிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நண்பனிடம் கேட்பதுண்டு.

இனி எங்கள் ஊர்க் கதை. சாக் ஈடி, டொராண்டோ பையன். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கி, பேஸ்பால். பள்ளியில் பாதி தூரம் வந்த பிறகுதான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தான், அதுவும் உயரத்தைப் பார்த்து எல்லோரும் நச்சரித்ததால். 7 அடி 4 அங்குலம். 2020-இன் கூட்டுப் பட்டியலில் அவன் இடம் 436. அந்த ஆழத்தில் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. 436-க்கும் 380-க்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய ஸ்கௌட் இந்த நாட்டில் யாரும் இல்லை. நண்பன் அந்த வருடம் மெனக்கெட்டு ஸ்க்ரோல் செய்து கண்டுபிடித்து, வட்டம் போட்டு அனுப்பினான்.

ஈடி பர்டூவுக்கு வந்த முதல் வருடம் கோவிட். அரங்கத்தில் பொது ஜனத்துக்கு அனுமதி இல்லை, டிவியில்தான் பார்த்தோம். ஆட்டத்துக்கு சுமார் 15 நிமிடம் இறங்குவான், 8.7 புள்ளி சராசரி. அடுத்த வருடம் கதவு திறந்ததும் கூடைக்குப் பின்னால் இருக்கிற பக்கத்தில் டிக்கெட் வாங்கினேன். பக்கத்தில் பார்க்கும்போதுதான் பிரச்சினை என்னவென்று புரிந்தது. பந்தை மேலே வாங்குவான், ஆனால் ஷாட்டுக்கு முன்னால் வயிறு வரைக்கும் கீழே கொண்டுவருவான். பழக்கதோஷம். ஆறடி ஆள்கூட அங்கே கை நீட்டித் தட்டிவிடலாம். ஏழடி நாலங்குலம் இருந்தும் அந்த ஒரு நொடியில் அவன் ஐந்தடி ஆள். அப்புறம் மூச்சு. இரண்டு தடவை கோர்ட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினால் வாய் பிளந்துகொள்ளும், கை இடுப்புக்குப் போகும், கோச் மேட் பெயின்டர் ட்ரெவியன் வில்லியம்ஸை அனுப்பிவிடுவார்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்விடுவது என் வழக்கம். அப்போதுதான் உண்மையான வேலை நடக்கும். உயரமான பையன்களுக்கு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற மைக்கன் பயிற்சி ஒன்று உண்டு. கூடைக்கு நேர் கீழே நிற்கவேண்டும். வலது பக்கம் ஒரு எட்டு, வலது கையால் பலகையில் பட்டு உள்ளே. வலையிலிருந்து வரும் பந்தைத் தரையைத் தொட விடாமல் பிடித்து, இடது பக்கம் ஒரு எட்டு, இடது கையால். மறுபடி வலது. விதி ஒன்றுதான்: பந்து தாடைக்குக் கீழே இறங்கவே கூடாது. பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். என் பெரியவனோடு வீட்டு வாசல் கூடையில் செய்து பார்த்தேன், ஒரு நிமிடம் தாண்டியதும் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பெயர் ஜார்ஜ் மைக்கனால் வந்தது. கண்ணாடி போட்ட, தடுமாறி நடக்கிற உயரமான பையன். நோட்டர் டேம் கோச் 'நீ சரிப்பட மாட்டாய்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். 1942-இல் சிகாகோவில் டிபால் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த கோச் ரே மேயர் அவனைப் பிடித்து ஸ்கிப்பிங் கயிறு ஆட வைத்தார், குத்துச்சண்டைக்காரர்கள் மாதிரிக் காற்றில் குத்த வைத்தார், ஒரு மாணவியிடம் நடனம்கூடக் கற்றுக்கொள்ள வைத்தார். கால் ஒழுங்காக நகர வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையன் பின்னாளில் என்.பி.ஏ.வின் முதல் பெரிய நட்சத்திரம். நட்சத்திரம் போடும் கம்பெனி எதுவும் அப்போது கிடையாது என்பது அவனுடைய அதிர்ஷ்டம்.

மூன்றாம் வருடம் ஈடி வேறு ஆளாக வந்தான். எதிராளியை முதுகால் அடைத்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பான், பந்தைத் தலைக்கு மேலே வாங்குவான், அங்கேயே வைத்திருப்பான். இடது தோளைக் கொடுத்து ஒரு திருப்பு, வலது கையால் ஹூக், அதாவது தலைக்கு மேலே கையை வளைத்துப் போடும் ஷாட். என்ன செய்யப்போகிறான் என்று அரங்கத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியாது. சராசரி 22.3 புள்ளி. ஆனால் நான் மதிக்கிற எண் அதுவல்ல: ஆட்டத்துக்கு 32 நிமிடம் நின்றான். 15-இலிருந்து 19, 19-இலிருந்து 32. புள்ளி ஏறியதற்குக் காரணம் அந்த நிமிடங்களில் இருக்கிறது, அந்த நிமிடங்களுக்குக் காரணம் யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத காலை நேரங்களில் இருக்கிறது. நான்காம் வருடம் 25.2. தேசத்தின் சிறந்த வீரன் என்று அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கினான், ரால்ஃப் சாம்சனுக்குப் பிறகு அப்படி யாரும் வாங்கியதில்லை.

நடுவில் நாங்கள் பட்ட அவமானத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நண்பன் கமென்ட்டில் வந்து சொல்வான். தேசியப் போட்டியில் அணிகளுக்குத் தர எண் கொடுப்பார்கள், முதல் தரம்தான் உச்சம். 2022-இல் பதினைந்தாம் தரத்து செயின்ட் பீட்டர்ஸிடம் 67-64 என்று தோற்றோம். 2023-இல் முதல் தரத்தில் இருந்துகொண்டு, நாட்டிலேயே குள்ளமான அணி என்று பெயரெடுத்த ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58. எந்தப் பட்டியலிலும் கண்ணில் படாத பையன்களை வைத்து, பொறுமையாகக் கட்டிய அணிகள் அவை. என்னுடைய வாதத்தை வைத்தே என்னை அடித்தார்கள். அந்த மார்ச்சில் நான் போனை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஈடி என்.பி.ஏ.வுக்குப் போகாமல் இன்னொரு வருடம் ஆட வந்தான் பாருங்கள், அதில் நம் ஆட்களுக்கு மட்டும் புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் விளம்பரங்களில் நடித்துச் சம்பாதிக்கலாம். ஆனால் ஈடி கனடாக்காரன், மாணவர் விசாவில் இருந்தவன். நானும் எஃப்-1 விசாவில் நூலகத்தில் புத்தகம் அடுக்கி வாரம் 20 மணி நேரக் கணக்கு பார்த்தவன்தான். கேம்பஸுக்கு வெளியே வேலை செய்தால் என்ன ஆகும் என்று இன்டர்நேஷனல் ஆபீஸில் பயமுறுத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தேசத்தின் சிறந்த வீரனுக்கும் அதே சட்டம். அவனோடு ஆடிய அமெரிக்கப் பையன்கள் உள்ளூரில் சாதாரணமாகச் செய்கிற விளம்பரத்தை அவனால் அப்படிச் செய்ய முடியவில்லை. அப்படியும் வந்தான். டெட்ராய்ட்டில் டென்னஸிக்கு எதிராக 40 புள்ளி போட்டு, 1980-க்குப் பிறகு முதல் தடவையாக எங்களை இறுதி நான்குக்குக் கூட்டிப் போனான். கடைசி ஆட்டத்தில் யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 75-60 என்று தோற்றோம். அவன் 37 அடித்தான், மற்ற எல்லோரும் சேர்ந்து 23. மூன்று புள்ளி ஷாட் மொத்த அணியும் ஒன்றே ஒன்றுதான் போட்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

பெயின்டரிடம் எனக்குப் பிடித்தது, ஆளைக் காக்க வைக்கத் தெரிந்திருக்கிறது. ரெட்ஷர்ட் என்று ஒரு ஏற்பாடு: ஒரு வருடம் முழுக்க அணியோடு பயிற்சி எடுக்கலாம், ஆட்டத்தில் இறங்கக் கூடாது, ஆடத் தகுதியுள்ள நான்கு வருடமும் அப்படியே மிச்சம் இருக்கும். ட்ரே காஃப்மன்-ரென் நான்கு நட்சத்திரத்தோடு வந்தவன். முன்னால் ஈடியும் வில்லியம்ஸும் நிற்கிறார்கள், இடமில்லை. கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். 2025-இல் சராசரி 20 புள்ளி. பிரேடன் ஸ்மித் ஆறடி உயரம், மூன்று நட்சத்திரம், இங்கேயிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வெஸ்ட்ஃபீல்ட் பையன். 2025-இல் பிக் டென்னின் சிறந்த வீரன்.

இப்போது இந்த ஏற்பாடே ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் சும்மா உட்காரவேண்டிய தண்டனை, முதல் தடவை மாறுகிறவர்களுக்கு 2021-இலும் மற்றவர்களுக்கு 2024-இலும் போய்விட்டது. பெயரை ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் போட்டால் போதும். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. எங்களைத் தோற்கடித்த செயின்ட் பீட்டர்ஸ் என்ன ஆனது? கோச் சீட்டன் ஹால் போனார், பையன்கள் திசைக்கொருவராகப் போனார்கள். 2025-இல் ஃபுளோரிடாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த வால்டர் கிளேட்டன் முதல் இரண்டு வருடம் அயோனா என்கிற சின்னக் கல்லூரியில் தேறியவன். எங்களிடம் ரெட்ஷர்ட்டில் ஒரு வருடம் உட்கார்ந்து, இறுதியாட்டம் வரை ஆடிய கேம்டன் ஹைடி 2025-இல் டெக்ஸாஸ் அணிக்குப் போய்விட்டான். பையனைக் குறை சொல்லமாட்டேன், நானும் மூன்று கம்பெனி மாறியவன். ஆனால் தேற்றி எடுக்கிற செலவு ஒருவருக்கு, கோப்பை இன்னொருவருக்கு என்றால், சின்னக் கல்லூரிக் கோச் எதற்காகக் காலை ஆறு மணிக்கு வந்து ஒருவனுக்குக் கால் வைக்கச் சொல்லிக்கொடுக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. ஸ்மித், லோயர், காஃப்மன்-ரென் மூன்று பேரும் கடைசி வருடத்துக்கும் இங்கேயே வருவதாக 2025-இல் அறிவித்தபோது, அதை ஒரு அதிசயச் செய்தி மாதிரிப் பேசினார்கள். பத்து வருடம் முன்னால் அது செய்தியே அல்ல.

நண்பன் இப்போது இரண்டு பட்டியல் அனுப்புகிறான். நவம்பரில் பள்ளிப் பையன்கள், ஏப்ரலில் போர்ட்டல். ஆமாம், அதற்கும் தரவரிசை, அதற்கும் நட்சத்திரம். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்கள் இருபது, இருபத்திரண்டு வயது ஆட்கள், கல்லூரியில் ஆடிய கணக்கு கையில் இருக்கிறது. அதனால் அந்தப் பட்டியல் முதலாவதைவிட நம்பகமானது என்று அவனே ஒப்புக்கொண்டான். "அப்போ வளர்ந்த பிறகு பார்த்தாதான் தெரியும்னு சொல்றியா?" என்றேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அக்டோபர் கடைசியில் நடக்கும் எக்ஸிபிஷன் ஆட்டத்துக்குப் பெரிய ஆட்டங்களைவிட டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடலாம், கூடைக்குப் பின்பக்கம் உட்காரலாம். இந்த வருடம் யார் ரெட்ஷர்ட் என்று கேட்டு வைக்கிறேன்.